தட்டிக்குப் பின்னால் உருண்ட பகடை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் சில்லிட்டிருந்தால் என் கம்பளிக்குள் நுழைத்துக்கொள்ளுங்கள். பெற்ற அப்பா தன்னிடம் கள்ள ஆட்டம் ஆடினாரா என்று இருபத்துநாலு வருஷம் சந்தேகப்பட்ட ஒருத்தியின் கதை இது.

ஆல்டர் ஏரி தேவாலயத்தில், திறந்த சவப்பெட்டியின் மேல் குனிந்த கிழவர் டெல்மர், சிநேகிதரின் கட்டம்போட்ட சட்டைப் பைக்குள் எதையோ செருகிவிட்டுப் பொத்தானைப் போட்டார். தூணோரம் நின்ற மகள் சிக்னி பார்த்துவிட்டாள். மடித்த தாள். நீலக் கோடு போட்டது.

அந்தக் கோடு அவளுக்குத் தெரியும். காலையில்தான் அப்பாவின் நோட்டைப் புரட்டியிருந்தாள். அதில் ஒரு தாள் இல்லை. கிழிசல் புதிது.

அவள் அப்பா ஆர்லின் பால் லாரி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தவர், மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார்.

வியாழன்தோறும் அவர் வீட்டு நிலவறையில், கதை சொல்லிப் பகடை உருட்டும் ஆட்டம் நடக்கும். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு வீரராகிப் பேசுவார்கள். பூதம், கோட்டை, தீர்ப்பு எல்லாம் ஆர்லின். சண்டை நடுவில் ஒருத்தர் விதிப் புத்தகத்திலேயே இல்லாத வித்தையைச் சொல்வார், தொங்குவிளக்கைப் பிடித்து ஊஞ்சலாடிப்போய் பூதத்தின் முழங்காலில் உதைக்கிறேன் என்று. அதற்கு விலை வைக்க வேண்டும். சுலபமாக விட்டால் மறுவாரம் எல்லாரும் விளக்கில்தான் தொங்குவார்கள், வாளை யார் தொடப்போகிறார்கள்? கடுமையாக்கினாலோ ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் குறைந்தது எத்தனை விழுந்தால் பலிக்கும், தவறினால் என்ன போகும் என்று ஆர்லின் முதலிலேயே சொல்லிவிடுவார். பிறகு மற்றவர் கண்ணில் படாதபடி அட்டைத் தட்டிக்குப் பின்னால் இருபது முகப் பகடையை அவரே உருட்டுவார். அதே வித்தையை மறுபடி காட்டினால் எதிரி சுதாரித்திருப்பான்; முன்னதைவிட நாலு கூடுதலாக விழ வேண்டும். எல்லாம் நோட்டில் ஏறும்.

பதினேழு வயதில் சிக்னியின் வீராங்கனை, எரியும் எண்ணெய்ச் சட்டியோடு மாடத்திலிருந்து பூதத்தின் மேல் குதித்தாள்.

"பதினாலு விழணும். தவறினா உயிர் போயிரும். சம்மதமா?"

"உருட்டுங்கப்பா."

தட்டிக்குப் பின்னால் பகடை உருண்டு நின்றது. அப்பா அதையே வெகுநேரம் பார்த்தார். "ஒன்பது," என்றார்.

அன்றைக்கு எழுந்து போனவள் அந்த மேசைக்குத் திரும்பவில்லை; படிக்க ஊரைவிட்டே போனாள். இப்போது அவளுக்குக் கடைத் தராசுகளையும் பெட்ரோல் பம்புகளையும் சோதிக்கிற அரசாங்க உத்தியோகம். கள்ளத் தராசு அவள் கண்ணுக்குத் தப்பாது.

பாதிரியார் மூடியைத் தொட்டபோது சிக்னி முன்னால் வந்தாள். அப்பாவின் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தாளை எடுத்தாள். பாதிரியார் இருமினார். யாரோ ஒருத்தி "ஐயோ, பிணத்துச் சட்டையிலயா" என்று முணுமுணுத்தாள்.

அப்பாவின் கையெழுத்து.

சிக்னி. எண்ணெய்ச் சட்டி, மாடம். வேண்டியது 14. விழுந்தது 17. ஒன்பது என்று சொன்னேன்.

"டெல்மர் மாமா. எப்ப கிழிச்சீங்க?"

"நேத்து. நாற்காலி எடுக்க நிலவறைக்கு வந்தப்ப."

"அப்ப எல்லாருக்கும் தெரியும். என்கிட்ட மட்டும்தான் மறைச்சிருக்கீங்க."

"எனக்கே நேத்துதான் தெரியும், பொண்ணே. நீ தராசையே நம்பாதவ. செத்த அப்பனைச் சும்மா விடுவியா? எரிச்சிரலாம்னு பாத்தேன். அவன் எழுதினது, மனசு வரல."

"ஏன் பொய் சொன்னாரு?"

டெல்மர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். "அந்தக் குளிர்காலத்துல மேடிசன் காலேஜ்ல உனக்கு இடம் கிடைச்சிருக்குன்னு கடிதாசி வந்துச்சே. அப்ப நீ என்ன சொன்ன?"

அவளுக்கு நினைவிருந்தது. கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, என் வீராங்கனை உயிரோடு இருக்கிற வரைக்கும் நான் ஊரைவிட்டு நகர மாட்டேன் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"நீ எழுந்து போன அடுத்த வியாழன்லேர்ந்து அவன் தட்டியே வைக்கல," என்றார் டெல்மர். "பகடை நடு மேசையில, எல்லாரும் பாக்க. நான் அதுல மூணு தடவை செத்தேன், ஒரு தடவைகூட இரக்கம் காட்டல, கல்நெஞ்சன். ஏன்டா தட்டி எங்கேன்னு கேட்டதுக்கு, எட்டிப் பாத்துப் பாத்துக் கழுத்து வலிக்குதுன்னான்."

"நம்பினீங்களா?"

"அவனுக்குப் பொய் சொல்ல வராதுன்னு நெனச்சேன்."

கீழ்த்தளத்திலிருந்து பன்றிக்கறி ரொட்டியும் காபியும் மணந்தன. பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

சிக்னி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். சோதித்த தராசில் ஒட்டுகிற சீட்டில் எழுதுவதைப் போலவே, தாளின் அடியில் தேதி போட்டாள். அதன் கீழே, சரிபார்த்தது, சிக்னி என்று எழுதினாள். மடித்துப் பைக்குள் வைத்து, பொத்தானைப் போட்டு, சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"மூடுங்க, பாதிரியாரே."

படியில் இறங்கும்போது கேட்டாள். "அதே எண்ணெய்ச் சட்டியோட மறுபடி குதிச்சா எவ்வளவு, மாமா?"

"பதினெட்டு," என்றார் டெல்மர், யோசிக்காமல்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வாசலில் பனி லேசாகவே விழட்டும். உங்கள் வீட்டில் உருளும் பகடை, எல்லாரும் பார்க்க நடு மேசையில் உருளட்டும்.