மூடியை இறுக்குகிறவன்

நாடகக் குழுவில் மீசை என்று கூப்பிடப்படுகிறவருக்குக் கரப்பான்பூச்சி என்றால் உயிர்ப் பயம். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. பேருந்தில் யாராவது காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். மூக்குக்குக் கீழே இருக்கிற மீசையைத் தவிர வேறெந்தத் தகுதியும் இல்லாத அந்த மனிதரைப் பிடித்து, பெண்டாட்டியை ஆட்டிவைக்கும் கணவன் வேஷத்தைக் கொடுத்திருந்தாள் அக்கா. நாடகத்தை எழுதியவளும் அவள்தான், இயக்குகிறவளும் அவள்தான்.

பெண்டாட்டியாக நடிப்பது அவளுடைய தங்கை. குழுவில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்றே கூப்பிடுவார்கள். நாடகத்தில் வருகிற கணவன் வேறு யாருமில்லை, சின்னவள் விட்டுவிட்டு வந்தவன்தான். இது அக்கா தங்கை இரண்டு பேரைத் தவிரக் குழுவில் யாருக்கும் தெரியாது.

அவளுக்குத் தெரியாமல் எடுத்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டியும் கையுமாக அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக அவளே சொன்னதுதான். "எழுதட்டுமாடி?" என்று கேட்டாள் அக்கா. "எழுது. அவன் எப்படிப்பட்டவன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள் சின்னவள். மனசாரச் சொன்னாள்.

அவன் உடம்பை வளர்த்த ஆள். காலையில் எடை தூக்குவான், கண்ணாடி முன்னால் நின்று புஜத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வான். ஆனால் அந்தக் கையை ஒரு நாளும் அவள் மேல் ஓங்கியதில்லை. அதற்கு வேறு வேலை வைத்திருந்தான். வீட்டில் இருக்கிற டப்பா, பாட்டில், குழாய் எல்லாவற்றையும் திருகி இறுக்கிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவான். சர்க்கரை வேண்டுமென்றாலும் எண்ணெய் வேண்டுமென்றாலும் அவன் வந்து திறந்தால்தான் உண்டு. அவள் முந்தானையைச் சுற்றிக்கொண்டு மூடியோடு மல்லுக்கட்டும்போது கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். "கேட்டா திறந்து தர மாட்டேனா?" என்பான். கேட்க வேண்டும், அதுதான் விஷயம். வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரச் சொல்லாமல் கொஞ்ச நேரம் நிற்க வைப்பான். அவர்கள் குடிக்கிற டீயில் சர்க்கரை எவ்வளவு என்பதையும் அவன்தான் முடிவு செய்வான். குரல் மட்டும் ஏறவே ஏறாது.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? அடித்திருந்தால் காயத்தையாவது காட்டலாம். பெற்ற அம்மாவே, "மூடியை இறுக்கி மூடினான்னு ஒருத்தி புருஷனை விட்டுட்டு வருவாளாடி? கேக்குறவங்க சிரிக்க மாட்டாங்க?" என்றாள். அக்கா சிரிக்கவில்லை. விருட்டென்று எழுந்து, தன் சமையலறையில் இருந்த அத்தனை மூடியையும் தளர்த்தி வைத்தாள். "இந்த வீட்டுல எந்த மூடியும் இறுக்கமா இருக்காது. போதுமா?" என்றாள். மறுநாளே சர்க்கரையில் எறும்பு. இரண்டு பேரும் எறும்பை ஊதி ஊதிச் சிரித்தார்கள். சின்னவளை முழுசாக நம்பிய ஒரே ஒரு ஆள் இந்த உலகத்தில் அக்காதான், அந்த நம்பிக்கையின் மேல்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஒத்திகை ஒரு மரக்கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் நடந்தது. தரையில் வெள்ளை நாடா ஒட்டி வீடு போட்டிருந்தார்கள்: இது சுவர், இது வாசல், இது சமையலறை. கீழே ரம்பம் ஓடும்போது வசனத்தை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

அக்காவின் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வசனம் மனப்பாடம் ஆனதும் ஒரு நாள் 'நாற்காலி' நடக்கும். நடிகர் அறை நடுவில் மர நாற்காலியில் உட்கார வேண்டும். எழுந்திருக்கிறவரை அவர் அந்தப் பாத்திரம்தான். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் சொல்லாமல் நழுவக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. விதி வைத்தவள் அக்காவேதான். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை நாற்காலி மீசைக்கு. பாவம், உட்காரும்போதே நாற்காலியிடம் அனுமதி கேட்கிறவர் மாதிரி உட்கார்ந்தார்.

"அகலமா உக்காருங்க சார். உங்க வீட்டு நாற்காலி" என்றாள் அக்கா.

விளக்குக்காரர் முதலில் ஆரம்பித்தார். குழுவில் அவருக்குத்தான் வாய் நீளம். "ஏன்யா, தெரியாமதான் கேக்குறேன், நீ கல்யாணம் பண்ணினது எதுக்கு? மூடி திறந்து குடுக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். மீசை தொண்டையைச் செருமிக்கொண்டார். "வீடுன்னா ஒருத்தர் கையில இருக்கணும். நான் இல்லாம ஒரு வேளை ஓடிடுச்சுன்னா, அப்புறம் நான் எதுக்கு?"

"பிரமாதம்!" என்று துள்ளினாள் அக்கா. "இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்றேன். இவனைப் பலசாலின்னு நினைச்சு நடிச்சா நாடகம் படுத்துடும். இவன் பயந்தாங்கொள்ளி. தான் யாருக்கும் தேவைப்படாமப் போயிடுவோமோன்னு பயம். அதனால தேவையை இவனே உண்டாக்குறான். இறுக்குறதும் இவன்தான், திறக்குறதும் இவன்தான். நிக்க வைக்கிறதும் அதுக்குத்தான். இவன் உக்காருன்னு சொல்ற வரைக்கும் எதிர்ல இருக்கிற ஆளுக்குக் காலே இவன் குடுத்த பிச்சை."

சின்னவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இத்தனை வருஷம் தன்னால் வார்த்தையில் பிடிக்க முடியாததை எப்படிப் புட்டுப் புட்டு வைக்கிறாள்! இவளைப் போல ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள்? அந்தச் சந்தோஷத்தில்தான் தன் கேள்வியைக் கேட்டாள்.

"சரி, அவ போனப்புறம் என்ன பண்ணின? தேடினியா?"

"நான் எதுக்குத் தேடணும்?" என்றார் மீசை. இப்போது அவருக்கு வேஷம் பிடிபட்டிருந்தது, காலை அகட்டிக்கொண்டார். "போன தடவை மாதிரி அவளே வருவா."

"போன தடவையா?"

"ஆமா. லேடீஸ் ஹாஸ்டல்ல ரெண்டு நாள் இருந்து பாத்துட்டு அவளேதானே திரும்பி வந்தா? நான் சட்டை தேய்ச்சுக்கிட்டிருந்தேன். வாசல்லயே நிக்கட்டும்னு விட்டுட்டேன். எல்லாச் சட்டையும் தேய்ச்சு மடிச்சு வெச்சப்புறம், எங்கடி போவன்னு ஒரு கேள்விதான் கேட்டேன். தப்பு என் மேலதான்னு அவளே சொன்னா. அப்புறம்தான் வழி விட்டேன்."

சொல்லிவிட்டு, "நீங்க சொல்லிக் குடுத்தபடி சரியா சொன்னேனா மேடம்?" என்று பள்ளிக்கூடப் பிள்ளை போல அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா கையிலிருந்த தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

நாடகப் பிரதியில் இப்படி ஒரு வரி கிடையாது. சின்னவள் இதை அக்காவிடம் சொன்னதும் கிடையாது. சொல்ல நாக்கு வரை வந்ததுண்டு. ஆனால் அக்கா அடிக்கடி, "வெளிய வந்தப்புறம் ஒரு தடவைகூட நீ திரும்பிப் பாக்கல பாரு, அதுதான்டி தைரியம்" என்று தலையைத் தடவுவாள். அந்தத் தடவலுக்குப் பிறகு எப்படிச் சொல்வது? வெட்கத்தில் விழுங்கிவிட்டாள். அந்த வாசலில் அவள் நின்றது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள். இன்னொன்று, சட்டை தேய்த்துக்கொண்டிருந்தவன்.

"சார், நீங்க எழுந்திரிங்க" என்றாள். "அக்கா, நீ உக்காரு."

"நானா? எந்தப் பாத்திரமா உக்காரணும்?"

"நீயாவே உக்காரு."

விளக்குக்காரருக்கு ஒரே குஷி. "அப்படிப் போடு! இத்தனை நாள் எங்களைப் படுத்தினதுக்கு!" என்று நாற்காலி மேல் ஒரு விளக்கைத் திருப்பிவிட்டார். அக்கா சிரித்தபடிதான் வந்து உட்கார்ந்தாள். ஆனால் கண் மட்டும் சிரிக்க மறந்திருந்தது.

"ஹாஸ்டல் கதையை உனக்கு யாரு சொன்னா?"

கீழே ரம்பம் ஓடியது. அது நிற்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று நினைத்திருப்பாள். நின்றுவிட்டது.

"அவன்தான்" என்றாள் அக்கா.

"எங்க பாத்த?"

"அவன் வீட்டுல."

"நூலகத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போன நாள்லயா?"

"எல்லா நாளும் இல்லடி. சில நாள்."

அடிப் பாவி! அந்த நாட்களிலெல்லாம் குடையை எடுத்துக் கொடுத்து, சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தவள் சின்னவள்தானே.

"ஏன் போன?"

"நீ சொன்னதை மட்டும் வெச்சு எழுதினேன், அவன் மனுஷனாவே வரல. வெறும் பொம்மையா நின்னான். அவன் பக்கத்தையும் கேட்டாத்தானே..." என்ற அக்காவுக்குத் திடீரென்று குரல் ஏறியது. "நீ மட்டும் என்ன, இதை எங்கிட்ட மறைக்கலயா?"

"மறைச்சேன். வெக்கமா இருந்துச்சு, மறைச்சேன். நீ கேட்டிருந்தா அழுதுகிட்டே சொல்லியிருப்பேன். நீ அவன்கிட்டல்ல போய்க் கேட்ட?"

இப்போதுதான் மற்றவர்களுக்கு விஷயம் உறைத்தது. விளக்குக்காரர் விளக்கை அணைக்கப் போனார். "இருக்கட்டும்ணே" என்றாள் சின்னவள். மீசை தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைசிக் காட்சியை மாத்தியிருக்கேன், அப்புறம் தர்றேன்னு நேத்து சொன்னியே. என்ன அது?"

"அவ திரும்பி வர்றா. வாசல்ல நின்னு... தப்பு என் மேலதான்னு சொல்றா. அதோட திரை."

"உன் யோசனையா?"

அக்கா தாள்களை அடுக்கிச் சரி செய்தாள்.

"நாற்காலிக்கா. நழுவக் கூடாது."

"அவன் சொன்னான். அப்படி முடிச்சாத்தான் மேற்கொண்டு பேசுவேன்னான். ஆனா நிஜமாவே அது நல்ல முடிவுடி, யோசிச்சுப் பாரு..."

"பாக்க வர்றானா?"

"முதல் நாள் வர்றான். முன் வரிசை."

அவன் முன் வரிசையில் காலை அகட்டி உட்கார்ந்திருக்க, அவள் இன்னொரு தடவை அவன் வாசலில் நின்று, நிறைந்த அரங்கத்தின் முன்னால், தப்பு என் மேலதான் என்று சொல்ல வேண்டும். சொல்ல வைத்து அதற்குக் கைதட்டலும் வாங்கித் தரப்போகிறாள் கூடப் பிறந்தவள். சின்னவளுக்கு அழுகை வரும் என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும்தான். வரவில்லை.

"போனப்ப உன்னை உக்காரச் சொன்னானா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"உள்ள போனதும், உக்காருன்னு சொன்னானா?"

அக்கா யோசித்தாள். "ஏதோ போன் பேசிக்கிட்டிருந்தான். கொஞ்ச நேரம் நின்னேன்."

"அடுத்த தடவை?"

"அப்பவும் ஏதோ வேலையா இருந்தான்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"டீ குடுத்தானா?"

"குடுத்தான்."

"நீ சர்க்கரை போட்டுக்க மாட்டியே, சின்ன வயசுலேருந்து."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. மடியில் கிடந்த தாள்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "குடிச்சேன்" என்றாள், யாருக்கோ சொல்வது போல.

சற்று முன் அந்த மனிதனைப் புட்டுப் புட்டு வைத்தவள் அவன் வீட்டில் நின்றிருக்கிறாள், அவன் கலந்ததைக் குடித்திருக்கிறாள், அவன் சொன்ன இடத்தில் திரையை இறக்கியிருக்கிறாள். அது அவளுக்கே இந்த நிமிஷம்தான் தெரிகிறது.

சின்னவள் தன் பிரதியைக் கொண்டுபோய் அக்கா மடியில் வைத்தாள். "இந்த வேஷத்தை இனிமே நீயே போடு. உனக்குத்தான் நல்லா வரும்."

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, நாடா ஒட்டிய சுவரை மிதித்துக்கொண்டே படியை நோக்கி நடந்தாள். அக்கா பதறி எழுந்தாள். தாள்கள் தரையெல்லாம் சிதறின.

"எங்கடி போவ?"

சின்னவள் நின்றாள். திரும்பவில்லை. பதில் மீசையிடமிருந்து வந்தது, வழக்கமான அந்த மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"அது என் வசனம் மேடம்."

சின்னவள் படியிறங்கினாள். கீழே மறுபடியும் ரம்பம் ஓட ஆரம்பித்தது.