கானி கடை மேசை

"கீழறைக்குப் போற படி வளைவுல மேசை திரும்புமா? அளந்து பாத்தியா மார்லி?"

கணவன் நார்பர்ட் கேட்டபோது மார்லிஸ் அடுப்பில் பன்றித் தொத்திறைச்சியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

"அளந்துட்டேன்."

"திரும்புமா?"

"தாராளமாத் திரும்பும்."

அளந்தது உண்மைதான். நாலு விரக்கடை இடிக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஷெபாய்கன் ஊரில் கானி என்பவளின் மதுக்கடை தெரியாத ஆள் கிடையாது. கோலால் பந்தை அடித்துக் குழியில் விழவைக்கிற பில்லியர்ட்ஸ் ஆட்டத்துக்கென்று வியாழக்கிழமை ராத்திரிகளில் நார்பர்ட் அங்கே போக ஆரம்பித்தது கல்யாணமான புதிதில். இன்றுவரை ஒரு வியாழன் தவறியதில்லை. காய்ச்சலில் படுத்தாலும் வியாழக்கிழமை எழுந்துவிடுவான். மறுநாள் காலை காப்பிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "கானி சொன்னா பாரு ஒண்ணு," என்று தொடங்கி அவனே சிரிப்பான். மார்லிஸ் சொன்னதைக் கானியிடம் சொல்லி அவன் சிரித்திருப்பானா என்று அவள் யோசிப்பாள். யோசித்தபடி ரொட்டியைக் கருக்கிவிடுவாள்.

இப்போது கானி கடையை விற்றுவிட்டாள். அப்பாடா என்று மார்லிஸ் மூச்சுவிட்ட அன்றே நார்பர்ட் வந்து சொன்னான், அந்தப் பில்லியர்ட்ஸ் மேசையை வாங்கிவிட்டேன் என்று. கானி சாய்ந்து நின்ற மரம், கானி துடைத்த பச்சைத் துணி, மார்லிஸின் வீட்டுக்குள்ளேயே! வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். சொன்னால், "என்ன, பொறாமையா?" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இத்தனை வருஷமும் வாயைத் திறக்கவில்லை. மேசை படியில் சிக்கட்டும், வந்த வண்டியிலேயே திரும்பிப் போகட்டும் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை பனியில் வண்டி வந்தது. நார்பர்ட், அவன் தம்பி யூஜின், ஆட்டக் கூட்டாளிகள் இரண்டு பேர். பின்னால் கோல்களைத் தோளில் சாத்திக்கொண்டு கானி.

படி வளைவில் மேசை சிக்கிக்கொண்டது.

"தூக்குடா யூஜின்!"

"தூக்கிக்கிட்டுத்தான்டா நிக்கிறேன்! எங்க தூக்க? விட்டத்துல இடிக்குது!"

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சா..."

"இன்னும் சாய்ச்சா நான் அடியில, மேசை மேல. என் பொண்டாட்டிக்கு நீதான் பதில் சொல்லணும்."

"கழட்டிப் பாக்கலாமா?" என்றான் ஒருவன்.

"கடை மேசைடா, துணிக்கு அடியில ஒரே கல்லுப் பலகை," என்றாள் கானி. "கழட்டலாம். கல்லு வளையுமா?"

மார்லிஸ் தன் குரலில் இருக்கிற தேனையெல்லாம் ஊற்றினாள். "பாவம், ஏன் கஷ்டப்படறீங்க? திரும்பக் கடைக்கே கொண்டுபோயிடுங்களேன்."

"எந்தக் கடைக்கு?" என்றாள் கானி. "காலையில சாவியைக் குடுத்துட்டேன். இந்நேரம் உள்சுவரை இடிச்சிருப்பாங்க."

ஆக, மார்லிஸின் சாப்பாட்டு மேசை கார் கொட்டகைக்குப் போனது. கிறிஸ்துமஸுக்கு வாத்து வைக்கிற இடத்தில், அவளுடைய கண்ணாடி விளக்குக்கு நேர் கீழே, பில்லியர்ட்ஸ் மேசை கால் பரப்பி நின்றது.

ஆண்கள் பீர் குடிக்கக் கொட்டகைக்குப் போனார்கள். கானி படி வளைவில் நின்று கையை விரித்து அளந்து பார்த்தாள்.

"யாரு அளந்தது?"

"நான்தான்."

"என் கடை ஜன்னலுக்கெல்லாம் திரை தைச்சுக் குடுத்தவங்க நீங்க. ஒரு நூல் பிசகல."

மார்லிஸுக்குக் காது மடல் சுட்டது.

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"ஏன்னு கேப்பான்."

கானி சிரிக்கவில்லை. "அவனுக்கு என்னைப் புடிக்கும். இல்லேன்னு நான் சொன்னா நீங்க நம்பப் போறதில்ல. ஆனா அதைவிட, என்னை ஜெயிக்கணும் அவனுக்கு. ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல. வீட்டுலயே பழகி ஜெயிச்சுக் காட்டறேங்கறான். வியாழக்கிழமை தவறாம வரச் சொல்லியிருக்கான்."

"இங்கயா?"

"இங்கதான். உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. முன்பாவது வியாழக்கிழமை அவன்தான் போனான். இனி இவள் வருவாள். தன் கையாலேயே இவளுக்கு நடுவீட்டில் இடம் போட்டுக் கொடுத்தாயிற்று.

கானி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து நீட்டினாள். "காசு போட்டாத்தான் பந்து விழும். இல்லேன்னா இந்தச் சாவியைப் போடணும். இந்த வீட்டுல இது உங்ககிட்ட இருக்கட்டும்."

மார்லிஸ் வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்ல மனசு வரவில்லை.

மற்றவர்கள் பின்னால் வர, நார்பர்ட் கையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தான். "கானி, சாவி எங்க?"

"உன் பொண்டாட்டிகிட்டக் கேளு."

அவன் விழித்தான். மார்லிஸே குனிந்து சாவியைத் திருகினாள். பந்துகள் தடதடவென்று உருண்டு வந்தன. ஆட்டம் தொடங்கியது. கானி அடிப்பாள், நார்பர்ட் முனகுவான், இருவரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். மார்லிஸ் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு கால் டாலர் காசை எடுத்து வந்து மேசை விளிம்பில் வைத்தாள்.

கடையில் இருக்கிற வழக்கம்தான். காசை வைத்தால், ஜெயிக்கிறவரோடு அடுத்த ஆட்டம் அந்தக் காசுக்காரருக்கு.

யூஜின் விசிலடித்தான். நார்பர்ட் கோலால் குறி பார்த்தபடி, "மார்லி, உனக்கு எந்தப் பக்கம் புடிக்கணும்னுகூடத் தெரியாதே. என்ன, பொறாமையா?" என்று சிரித்தான். இத்தனை வருஷமாக அவள் பயந்த அதே சிரிப்பு.

"ஆமா," என்றாள் மார்லிஸ். "பொறாமைதான். அதான் படியைப் பத்திப் பொய் சொன்னேன். இடிக்கும்னு தெரியும்."

நார்பர்ட்டின் கோல் வழுக்கியது. வெள்ளைப் பந்து கோணலாக ஓடிக் குழியில் விழுந்தது.

"போச்சு. என் முறை," என்றாள் கானி.

நார்பர்ட் படி வளைவைப் பார்த்தான், கார் கொட்டகைப் பக்கம் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். மேசையின் வயிற்றுக்குள் கடகடவென்று உருண்ட வெள்ளைப் பந்து மார்லிஸ் நின்ற பக்கமே வெளியே வந்தது. அவள் அதை எடுத்துக் கானியின் கையில் கொடுத்தாள்.

"சீக்கிரம் அவனை முடி," என்றாள். "அடுத்தது நான்."