தூசி ஊதிய ராஜா

"தொட்டாச்சு மாப்பிள்ளை, நகர்த்தித்தான் ஆகணும்!"

"தூசி இருந்துச்சு மச்சான், ஊதினேன். ஊதினா நகர்த்தணுமா?"

"எடுத்து எடுத்து ஊத இது என்ன உங்க வாட்ச் கடையா?"

நகரச் சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டம் இரண்டாவது நகர்விலேயே சந்தி சிரித்தது இப்படித்தான். இருவரும் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியிருந்தார்கள். பாதிப் பேர் அப்படித்தான் தொடங்குவார்கள், குற்றமில்லை. வாட்ச்காரருக்குக் கைப்பழக்கம். ராஜாவின் தலையில் ஒரு துகளைக் கண்டதும், பல்சக்கரத்தை எடுப்பதுபோல் இரண்டு விரலால் தூக்கி ஊதிவிட்டார். தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்பது விதி. நடுவர் தலையாட்ட, ராஜா ஒரு கட்டம் முன்னே வந்தார். அதே நேரத்தில் தெருக்கோடியிலிருந்த வாட்ச்காரரின் வீடும் ஒரு வீட்டளவு முன்னே வந்தது.

போட்டி மண்டபத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அதைப் பார்த்தாள். கொடியில் காய்ந்த துணிகூட விழவில்லை. அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. எதிரே ஆடிய மருந்துக்கடைக்காரர் அவளுடைய அண்ணன். ஒரு குடையைத் திருப்பித் தராததில் தொடங்கிய பகை. குடை இப்போது யாரிடமும் இல்லை. மேலே சொன்ன மூன்று வரிகள்தாம் எட்டு வருஷத்தில் இருவரும் பேசிய முதல் பேச்சு. தோற்றவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போவது என்று நடுவர் மூலமாகச் சபதம் வேறு. எவர் ஜெயித்தாலும் அவளுக்குத் தோல்வி.

ஆட்டம் மூன்று நாள் நீண்டது. ஒளிய இடமில்லாமல் ராஜா பலகையின் நடுவே உலாவினார். வீடும் துணி அசைய, திரைச்சீலை ஆட, தூக்கத்தில் நடப்பதுபோலத் தையல்கடையையும் சலூனையும் தாண்டி வந்தது. தபால்காரர் கூடவே நடந்து கடிதத்தைக் கதவிடுக்கில் செருகினார். கடைசியில் பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டுமே மிஞ்சினார்கள், நடுவே ஒரே ஒரு கட்டம். அதற்குமேல் நெருங்க ராஜாக்களுக்கு அனுமதி கிடையாது. சமம் என்றார் நடுவர்.

"இப்ப யாரு பெட்டி கட்டணும்? ஒருத்தராவது சொல்லித் தொலைங்க" என்றாள் அவள்.

இருவரும் வெட்டுப்பட்ட காய்களைப் பெட்டியில் அடுக்கினார்கள்.

"அப்ப யாரும் போக வேண்டாம். வீட்டுக்கு வாங்க."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் வாட்ச்காரர். நியாயமான கேள்விதான்.

வீடு அண்ணன் வீட்டுக்கு எதிரே, ஒரு சந்து இடைவெளியில் நின்றிருந்தது. நகராட்சி புதுக் கதவு எண் கொடுத்தது. இருவரும் இன்றுவரை அந்தச் சந்தைக் கடந்ததில்லை. அவரவர் வாசலில் நின்று அந்த நகர்வு சரியா தப்பா என்று தினமும் கத்திக்கொள்கிறார்கள். அவள் மட்டும் குழம்புக் கிண்ணத்தோடு இரண்டு பக்கமும் போய்வருகிறாள். இரண்டாவது நகர்விலேயே ராஜாவை இறக்கும் அந்தத் தொடக்கத்தை ஊரில் வேறெவரும் ஆடுவதில்லை, சொந்த வீடு உள்ளவர்கள் முக்கியமாக. சபதத்துக்காக வீடேறித் தூது போன பழக்கத்தில், நடுவர் மருந்துக்கடைக்காரரின் மூத்த மகளைக் கட்டிக்கொண்டு, சதுரங்கமே தெரியாத ஊராகப் பார்த்துக் குடிபோய்விட்டார்.