இறக்கட்டுமா?

மலைமேல் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் பாதைக்குப் புது ஏடிவி, அதாவது மேடு பள்ளமெல்லாம் ஏறும் நாலு சக்கர வண்டி, வாங்க வேண்டும். காலால் கியர் மாற்றும் ஏடிவியா, கைப்பிடியில் பட்டனைத் தட்டினால் மாறுகிற ஏடிவியா? முடிவு மெக்கானிக் அக்காவின் கையில். ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கடைக்காரர் இரண்டையும் ஷெட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். நாலு சக்கரத்திலும் மண் படாமல் புது மாப்பிள்ளை கணக்காக நின்றன.

"காலால மாத்துனாத்தான் வண்டி நம்ம பேச்சைக் கேக்கும்" என்றார் அக்காவின் புருஷன். குழாய்ப் பாதையைச் சுற்றிவரும் வேலை இப்போது அவருக்குத்தான்.

"பட்டன்தாங்க நல்லது. எந்த கியர்ல இருக்குன்னு திரையிலயே காட்டும். யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்லை."

கடைசி வார்த்தையில் அவள் குரல் கம்மியது அவருக்கு உறைக்கவில்லை. மனுஷன் அப்படித்தான், பக்கத்தில் இடி விழுந்தாலும் டீ ஆறிடுமே என்று பார்ப்பார்.

அந்தப் பேச்சுக்குக் காரணம் தெரிந்த இன்னொருத்தன் இப்போது உயிரோடு இல்லை. முன்னால் குழாய்ப் பாதையைச் சுற்றிவந்தவன்; கொக்கு என்று கூப்பிடுவார்கள். அவ்வளவு நீளக் கால். ஆறு மாசத்துக்கு முன்னால், நல்ல மழையில், மூன்றாம் வளைவில் ஏறும்போது பழைய வண்டி திணறியது. ரேடியோவில் கேட்டான்: "அக்கா, இறக்கட்டுமா?"

கியரைக் கேட்கிறான் என்று நினைத்தாள். கையிலிருந்த ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்காமல், "இறக்கு, இறக்கு" என்றாள்.

அவன் கேட்டது வண்டியை. அவனோடு பள்ளத்தில் விழுந்த வண்டியைத் தூக்கி வந்தபோது கியர் நியூட்ரலில் கிடந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது: ஏறாமல், பின்னாலேயே உருட்டி இறக்கப் பார்த்திருக்கிறான் பாவி. ஓட்டியவரின் கவனக்குறைவு என்று விசாரணைக் காகிதத்தில் எழுதி முடித்தார்கள். அக்கா மூச்சு விடவில்லை. ஷெட்டின் மறுகோடியில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவள் கொக்கின் பெண்டாட்டி. "அண்ணி, டீ" என்று அவள் தினமும் நீட்டுகிற டம்ளரை வாங்கும்போதெல்லாம் அக்கா தரையைப் பார்ப்பாள்.

முதல் நாள் பட்டன் வண்டியில் போன புருஷன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார். "மூணாம் வளைவுல தானா நியூட்ரலுக்கு வந்துடுச்சும்மா. நான் பட்டனைத் தொடவே இல்லை."

அக்கா வயரெல்லாம் பிரித்துப் பார்த்தாள். ஒரு கோளாறும் இல்லை.

மறுநாள் கால் கியர் வண்டி. "அதே இடம். பெடல் தானா பாதி அமுங்கி நியூட்ரல்ல நின்னுடுச்சு. யாரோ என் ஷூ மேல கால் வச்சு அழுத்துன மாதிரி இருந்துச்சு. பெரிய கால்!" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அக்கா குனிந்து அந்தப் பெடலையே பார்த்தாள்.

மூன்றாம் நாள் மழை. "இன்னிக்குப் போகாதீங்க."

"தொட்டி வால்வை யாரு திறப்பா, உங்க அப்பாவா?" என்று பட்டன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா ரேடியோவை விட்டு நகரவில்லை. எதிரே கொக்கின் பெண்டாட்டி கொள்முதல் படிவத்தை விரித்து, பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். "கால் கியரா, பட்டனா? எதுன்னு எழுதட்டும் அண்ணி?"

பதில் சொல்வதற்குள் ரேடியோ கரகரத்தது. புருஷன் குரல். "ஏம்மா, மூணாம் வளைவு. நியூட்ரல்ல நிக்குது. பட்டனைத் தட்டுறேன், கேக்கல. பிரேக் பிடிச்சும் சேத்துல வழுக்குது. பின்னாடி போகுதும்மா!"

அவர் பேச்சுக்கு அடியில் இன்னொரு குரல், நனைந்துபோய், நிதானமாக:

"அக்கா, இறக்கட்டுமா?"

பேனா நின்றுவிட்டது. அவளும் கேட்டிருக்கிறாள். அது யார் குரல் என்று அவளுக்கா தெரியாது?

அன்று நடந்ததைச் சொன்னால் அக்கா எதிரே இருப்பவள் முகத்தில் இனி முழிக்க முடியாது. சொல்லாவிட்டால் புருஷன் இல்லை.

"அக்கா, இறக்கட்டுமா?"

ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்தாள். "வண்டியை இறக்காதேடா! கியரை இறக்கு, கியரை! அன்னிக்கும் நான் கியரைத்தான் சொன்னேன். நீ எதைக் கேக்குறேன்னு ஒரு வார்த்தை நான் திருப்பிக் கேட்டிருக்கணும், கேக்கல. தப்பு என் மேலடா, உன் மேல இல்ல!"

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு டக் என்று ஒரு சத்தம்.

"ஃபர்ஸ்ட் கியர் விழுந்துடுச்சு!" புருஷன் கத்தினார். "ஏறுது, ஏறுது! ஏம்மா, யார்கூடப் பேசிக்கிட்டிருக்க நீ?"

அக்கா தலை குனிந்து, எந்த வண்டி என்று இன்னும் எழுதாமல் மேஜைமேல் கிடந்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு மாசமா" என்றாள் கொக்கின் பெண்டாட்டி. "அவர் போட்டோ முன்னாடி நின்னு தினமும் திட்டுறேன் அண்ணி. கவனமா போயிருக்கக் கூடாதா, எங்களை நினைச்சிருக்கக் கூடாதான்னு. தினமும் திட்டுறேன்."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். கொக்கின் பெண்டாட்டி அதைப் பார்க்கவில்லை. ரேடியோவைத் தன் பக்கம் இழுத்துப் பட்டனை அழுத்தினாள்.

"என்னங்க" என்றாள். "உங்க தப்பு இல்லையாம்."

விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். ரேடியோவில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.