ஆரம்பநிலை ஆய்வாளர், வயது ஐம்பத்து நான்கு

என் மனைவி நகுலேஸ்வரிக்கு ஐம்பத்து நான்கு வயது. அவள் வேலை செய்யும் பல்கலைக்கழகத்தில் போன வருடம் ஒரு விருதின் இறுதிச் சுற்றுக்கு மூன்று பேரைத் தெரிவு செய்தார்கள். அதில் அவளும் ஒருத்தி. விருதின் பெயர் 'ஆரம்பநிலை ஆய்வாளர்'. கேட்டவுடன் நான் சிரித்துவிட்டேன். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அங்கே வருடா வருடம் மூன்று ஆய்வு விருதுகள் கொடுப்பார்கள். துறைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று, நடுவழியில் நிற்பவர்களுக்கு ஒன்று, நெடுங்காலம் உழைத்துப் பெயர் வாங்கியவர்களுக்கு வாழ்நாள் சாதனை என்று ஒன்று. யார் எந்த நிலை என்பதைத் தலைமுடியின் நரையைப் பார்த்துச் சொல்வதில்லை. கலாநிதிப் பட்டம், அதாவது பிஎச்.டி., வாங்கிய வருடத்திலிருந்துதான் எண்ணுவார்கள். நகுலா அந்தப் பட்டம் வாங்கியபோது எங்கள் மகள் கம்சிகாவே பல்கலைக்கழகம் போகத் தொடங்கிவிட்டாள். ஆகவே அவர்களுடைய கணக்கில் என் மனைவி இன்னும் தவழும் குழந்தை.

ஏன் இவ்வளவு பிந்தியது என்று கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. யாழ்ப்பாணத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தவளைச் சண்டை பாதியில் எழுப்பிவிட்டது. லண்டன் வந்து குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கும் சட்டத்தரணிக்கும் இடையில் அலைந்தே நல்ல வயது போனது. பிறகு பிரான்சிலிருந்து நான் வந்து சேர்ந்தேன், ஒரு பெட்டியும் மின்சார வேலையும் மூக்குக்கு மேல் கோபமுமாக. பிறகு பிள்ளைகள். மருந்துக்கடையில் நின்றுகொண்டே பகுதிநேரமாக முதல் பட்டம் எடுத்தாள். அடுப்பில் பருப்பு வேகும்போது படிப்பாள். பருப்பு அடிப்பிடிக்கும், நான் கத்துவேன், அவள் பக்கத்தைப் புரட்டுவாள். இப்போது நினைத்தால், அந்த வீட்டில் உருப்படியான காரியம் செய்தது அவள் ஒருத்திதான்.

சலரோகம் என்கிற நீரிழிவு உள்ளவர்களின் காலில் வரும் புண்தான் அவளுடைய ஆய்வு. புண்ணின்மேல் ஒட்டும் ஒரு சின்னத் துண்டை உருவாக்கியிருக்கிறாள். உள்ளே கிருமி பெருகத் தொடங்கினால், கண்ணுக்கு எதுவும் தெரியுமுன்னே அந்தத் துண்டின் நிறம் மாறிவிடும். ஒரு காலை வெட்டாமல் காப்பாற்ற அவ்வளவு முன்னறிவிப்புப் போதுமாம். எனக்கும் சலரோகம் இருக்கிறது.

"ஊரில இருக்கிற காலெல்லாம் காப்பாத்தலாம். வீட்டில இருக்கிற ஒரு மனுசனைச் சீனியிட்ட இருந்து காப்பாத்த ஏலாமல் கிடக்கு" என்று என் தேநீர்க் கோப்பையைப் பார்த்து அலுத்துக்கொள்வாள். நான் கேளாதவன் போல இன்னொரு கரண்டி போட்டுக் கலக்குவேன்.

அவளுடைய வேலை ஒப்பந்தம் கோடையோடு முடிவதாக இருந்தது. விருது கிடைத்தால் ஆய்வைத் தொடர மேலும் இரண்டு வருடம் இடமும் உதவியும் கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் அந்தத் துண்டு பாதியிலேயே நின்றுவிடும்.

இந்த நேரத்தில்தான் கணேசலிங்கம் அண்ணையை ஆர்ச்வே முருகன் கோயிலில் கண்டேன். அவர் கிங்ஸ்பரியில் இருப்பவர், எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். யார் வீட்டில் நல்லது நடந்தாலும் பொன்னாடையோடு வந்து நிற்பார். பெரிய மனது, அதைவிடப் பெரிய குரல். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் செய்தியைச் சொன்னேன்.

"ஆரம்பநிலையோ?" அவர் முகம் சுருங்கியது. "பேரப்பிள்ளை காணுற வயசில ஒரு மனுசிக்கு ஆரம்பநிலை எண்டு குடுக்கிறாங்களோ? இது மரியாதை இல்லையே, சிறி."

"அது அவங்கட கணக்கு, அண்ணை."

"நீர் பேசாமல் இரும். நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் பார்த்துக்கொண்ட விதம் மறுநாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நகுலாவின் படம், இரு பக்கமும் குத்துவிளக்கு, மேலே தங்க எழுத்தில் 'வாழ்நாள் சாதனையாளர்'. கீழே, விருது விழாவுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா என்றிருந்தது. விருதின் முடிவே இன்னும் வரவில்லை! ஆனால் எங்கள் ஆட்கள் அப்படித்தான். சபையில் ஒருவரைக் குறைத்துச் சொல்வது பாவம், கூட்டிச் சொல்வது உபசாரம். பந்தியில் வேண்டாம் வேண்டாம் என்று கையை மறிக்க மறிக்கச் சோறு போடுவதுபோலத்தான் பட்டத்தையும் போடுவார்கள். இதே படத்தைப் பெரிதாக்கிப் பதாகையும் அடித்துவிட்டாராம்.

அடுத்த நாள் சங்கத்துக்காரர் ஒருவரின் மகன் ரதீசன், அந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பவன், 'ஆரம்பநிலை ஆய்வாளர்' என்று அவள் பெயர் போட்டிருந்த இணையப் பக்கத்தை எடுத்து அதே குழுவில் போட்டான். அவன் வாழ்த்தத்தான் போட்டான், பாவம். ஆனால் அதற்குக் கீழே சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. 'அக்கா இப்ப நேர்சரியோ?' என்று ஒருவர் எழுதினார்.

நகுலா சமையலறையில் நின்று அதை வாசித்தாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் பேரைத் திருப்பி எடுக்கப் போறன்."

"என்ன?"

"மற்ற ரெண்டு பேரும் முப்பது வயசுப் பிள்ளைகள். அதுகளுக்குப் பக்கத்தில நான் போய் நிண்டால் ஆர் சிரிக்காமல் இருப்பினம்? எங்கட சனமே சிரிக்குது."

"உமக்கென்ன விசரோ? கோடையோட வேலையும் போயிடுமெல்லே?"

"மருந்துக்கடை இருக்குத்தானே."

அவள் இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். கோபத்தை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் கணேசலிங்கம் அண்ணைக்குப் போன் அடித்து வாயில் வந்ததெல்லாம் கத்தினேன்.

"நான் மரியாதைக்குத்தான் செய்தனான், தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெரிய குரல் அவ்வளவு சிறுத்து நான் கேட்டதில்லை.

மறுநாள் நகுலா தன் துறைத் தலைவியிடம் விஷயத்தைச் சொல்லப் போனாள். டொலறஸ் என்று பெயர், ஸ்பெயின்காரி. நகுலாவின் பெயரை விருதுக்குக் கொடுத்ததே அவர்தான். அந்த வருட வாழ்நாள் சாதனை விருது டொலறஸுக்கு என்று முன்பே அறிவித்திருந்தார்கள். நான் ஒரு வீட்டில் விளக்குப் பொருத்திக்கொண்டிருந்தேன். மனம் வேலையில் இல்லை. குளியலறைச் சுவிச்சைத் தட்டினால் படிக்கட்டு விளக்கு எரிந்தது. எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், நகுலா சோபாவில் இருந்து தனியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"நான் சொன்னதெல்லாத்தையும் பேசாமல் கேட்டா. பிறகு சொல்லுறா, 'எனக்குத் தாற விருதில நான் என்ன செய்து முடிச்சனான் எண்டுதான் எழுதியிருக்கு. உன்ர விருதில நீ இனி என்ன செய்யப்போறாய் எண்டு கேட்டிருக்கு. எனக்கு உன்னைவிட வயசும் குறைவு. வா நகுலா, ரெண்டு பேரும் மாத்துவம்' எண்டு."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். நாடு விட்டு வந்த நாளிலிருந்து எங்களிடம் எத்தனையோ பேர் எவ்வளவோ கேட்டிருக்கிறார்கள். எங்கே பிறந்தாய், ஏன் வந்தாய், எப்படி வந்தாய், அத்தாட்சி இருக்கிறதா? எல்லாம் நடந்து முடிந்ததைப் பற்றியே. இனி என்ன செய்யப்போகிறாய் என்று அவளிடம் கேட்டது இதுதான் முதல் தடவை.

விருது விழா ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் நடந்தது. உயரமான மண்டபம், சுவரெங்கும் தாடி வைத்த பழைய பேராசிரியர்களின் படங்கள். நகுலா மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். முதலில் ஆரம்பநிலை விருது. இறுதிச் சுற்றில் இருந்த மூவரின் வேலையையும் சொல்லிவிட்டு அவளுடைய பெயரை அறிவித்தார்கள். அவளோடு போட்டியில் இருந்த ஹரிசன் என்ற பொடியன்தான் எல்லோருக்கும் முதல் எழுந்து நின்று கைதட்டினான். யாரும் சிரிக்கவில்லை. நான் அழுதேன். வெட்கமில்லாமல், மூக்குச் சிந்திச் சிந்தி அழுதேன்.

மேடையில் அவள் ஆங்கிலத்தில் கொஞ்சம்தான் பேசினாள். தான் பிந்தி வந்தவள் என்றும், வந்துவிட்டதால் இனி வேலையைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு இறங்கினாள். டொலறஸ் முன்வரிசையில் இருந்து விசிலடித்தார். வாழ்நாள் சாதனை வாங்க வந்தவர் விசிலடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசையில் கணேசலிங்கம் அண்ணை கோட்டும் சூட்டுமாக நின்றிருந்தார். அவ்வளவு கத்தியும் மனுசன் வந்திருக்கிறார். எங்களைச் சந்திக்காமலே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ்பரியில் பாராட்டு விழா நடந்தது. மேடைச் சுவர் வெறுமையாக இருந்தது. பதாகை ஒட்டுவதற்கென்று ஒட்டிய நாடாத் துண்டுகள் மட்டும் நான்கு மூலையிலும் தொங்கின. கணேசலிங்கம் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்து, "ஆரம்பநிலை ஆய்வாளர் திருமதி நகுலேஸ்வரி சிறீதரன்" என்று ஒவ்வொரு சொல்லாக, மண்டபம் அதிரச் சொன்னார். அவருடைய மனைவி பொன்னாடையைப் போர்த்தினார்.

நகுலா சுவரைப் பார்த்தாள். "அண்ணை, பனர் எங்க?"

"அது காருக்குள்ள கிடக்கு, தங்கச்சி." அவர் குனிந்துகொண்டார். "எறியத்தான் வேணும். பிழைவிட்டிட்டன்."

"எறியாதேங்கோ, அண்ணை. மடிச்சுத் தாங்கோ. எனக்கு எழுபத்தைஞ்சு வயசில வேணும்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நேர்சரியோ என்று எழுதியவரும் சிரித்தார். இந்தச் சிரிப்பு வேறு. அண்ணை கண்ணைத் துடைத்தார்.

"அண்டைக்கு ஒரு பக்கம் நீங்கள் பிடிக்கோணும்" என்றாள் நகுலா. பிறகு என்னைப் பார்த்தாள். "மற்றப் பக்கம் இவர் பிடிப்பார்."

பதாகையை வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் ஏற்றினேன். மறுநாள் காலை நகுலா தேநீர் ஊற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என் கை பழக்கத்தில் சீனிப் போத்தலுக்குப் போனது. எழுபத்தைந்து வயது நகுலா மேடையில் நிற்க, பதாகையின் ஒரு பக்கம் பிடிக்க ஆளில்லாமல் சரிவதாக ஒரு நினைப்பு வந்தது. கையை எடுத்தேன். தேநீர் வாயில் வைக்க முடியாத கசப்பு. முழுவதையும் குடித்தேன்.