கீதன் மிதித்த இருபது நிமிஷம்

ஜனவரியில் கீதனுக்கு வேலை போனது. மிசிசாகாவில் ஒரு விமானச் சரக்குக் கம்பெனியில் பதினாறு வருஷம் இருந்தவன். ஸ்ரௌவ்வில் என்ற ஊரிலிருந்த வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவியிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்தான். வந்தபோது நிலாணி தமக்கையோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டான். அந்த நாளை வரவேயில்லை.

காலை ஆறரைக்கு வழக்கம்போலக் காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவான். கோப்பிக் கடை வாசலில் காருக்குள்ளேயே இருந்துவிட்டு, அவள் ஆய்வுகூட வேலைக்குப் போன பிறகு திரும்பி வருவான். கொம்பியூட்டர் முன்னால் இருந்து வேலைக்கு விண்ணப்பம் போடுவான். அரை மணித்தியாலம்கூட இருப்புக் கொள்ளாது. எழும்பி ஜன்னலடிக்குப் போவான், பனி கொட்டிக்கொண்டிருக்கும். பிறகு பேஸ்மென்றுக்கு இறங்கிச் சைக்கிளில் ஏறிவிடுவான்.

ஜூலையில் அவனுக்கு ட்ரையத்லன் போட்டி. நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்க வேண்டும். பனிக்கால றோட்டில் சைக்கிள் விட முடியாததால் அதன் பின்சில்லைக் கழற்றிவிட்டு ஓர் இயந்திரத்தில் பூட்டியிருந்தான். எவ்வளவு வலுவாக மிதிக்கிறான் என்பதை அது திரையில் காட்டி, பயிற்சியாளர் மெலனிக்கும் அனுப்பிவிடும். ஐந்து நிமிஷம் மூச்சு வாங்க மிதித்தால் மூன்று நிமிஷம் தளர வேண்டும் என்பது அவள் போட்ட அட்டவணை. கீதனுக்குத் தளரத்தான் வராது. கால் மெதுவானால் யோசனைகள் வந்து மொய்த்துக்கொள்ளும். இலேசாக மிதிக்க வேண்டிய நாளிலும் அடித்து மிதித்தான். நிலாணி கட்டித் தந்த சோற்றை வியர்வை காயாமல் அங்கேயே இருந்து தின்றான்.

பெப்ரவரிக் கடைசி ஞாயிறு அஜின்கோர்ட் பக்கம் மெலனியிடம் பயிற்சி எடுப்பவர்களுக்குச் சோதனை இருந்தது. கடைகளுக்குப் பின்னால் மெலனி வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்தில் பத்துச் சைக்கிள்கள் வரிசையாகப் பூட்டியிருந்தன. இருபது நிமிஷம், உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். பிறகு மரக்கறி வாங்கலாம் என்று நிலாணியும் கூட வந்து, சுவரோரக் கதிரையில் இருந்தாள்.

பன்னிரண்டாவது நிமிஷம் மெலனி பயிற்சிக் கணக்குகள் இருந்த ரப்லெற்றோடு நிலாணியருகில் போய் இருந்தாள். கனடாவில் பிறந்த பிள்ளை, கள்ளமில்லாமல் கதைப்பாள்.

“அக்கா, இந்தப் பனிக்காலம் அண்ணா வேற ஆள். பாருங்கோ, செவ்வாய்க்கிழமை காலமை பத்து நாப்பதுக்குத் தொடங்கி ரெண்டு மணித்தியாலம். புதனும் அப்பிடித்தான். வேலையில ஷிப்ற் மாத்திட்டினமா?”

நிலாணி ரப்லெற்றை வாங்கினாள். விரலால் தள்ளி முந்திய கிழமையைப் பார்த்தாள். அதற்கு முந்தியதையும் பார்த்தாள்.

“ஓம்,” என்றாள். “மாத்திட்டினம்.”

கீதனுக்கு எல்லாம் கேட்டது. இறங்கிவிடலாம். இறங்கினால் நிலாணியின் முகத்தைப் பார்க்க வேண்டும். கால்கள் முன்னிலும் வேகமாகச் சுற்றின. மிச்ச எட்டு நிமிஷமும் தலையைத் தூக்காமல் மிதித்தான். அன்றைக்கு எல்லாரையும்விட முன்னுக்கு வந்தது அவன்தான். மற்றவர்கள் கைதட்டியபோது துவாயால் முகத்தை மூடிக்கொண்டான்.

காருக்குள் ஏறியதும் எப்போதிருந்து என்று மட்டும் நிலாணி கேட்டாள். சொன்னான்.

“வேலை போனது உங்கட பிழையில்லை,” என்றாள் நிலாணி. “ஆறு கிழமையா விடிய எழும்பிச் சாப்பாடு கட்டித் தந்தன். போயிட்டு வாறன் எண்டு என்ர முகத்தைப் பாத்துச் சொல்ல உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?”

“வெக்கமாக் கிடந்தது. சைக்கிளில ஏறினாத்தான் கொஞ்சமெண்டாலும் மறக்கலாம் போல இருந்தது.”

“எனக்கு மறக்கிறதுக்கு ஒண்டும் தெரியாமலெல்லோ இருந்தது.”

மரக்கறி வாங்காமலே வீட்டுக்குப் போனார்கள். இரண்டு நாள் அவள் கதைக்கவில்லை. புதன்கிழமை பிந்தி வருவதாக வேலையிடத்துக்கு அறிவித்துவிட்டு, அவனுடைய விண்ணப்பங்களை மேசையில் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். உதுகளை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள், இக்னேசியஸ் அண்ணைக்குப் போன் அடியுங்கோ என்றாள். இக்னேசியஸ் பழைய கூட்டாளி, பள்ளிக்கூட பஸ்களை அனுப்பும் இடத்தில் பொறுப்பானவர். அவருடைய அழைப்புகளை ஆறு கிழமையாகக் கீதன் எடுக்கவில்லை.

குசினிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து போனில் அவரிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

ஏப்ரல் நடுவில் அங்கே அரைநேர வேலை கிடைத்தது. நிலாணி பழையபடி சிரித்துக் கதைக்க அதைவிடக் கனநாள் எடுத்தது.