பிரிக்கர்டன் பட்டமும் டில்லியின் தொப்பி ஊசியும்

1

"சொல்லத்தான் போறேன்!"

"சொல்லிப் பாரு! பட்டம் போச்சுன்னு ஊரே திரண்டு வந்து நம்ம ஜன்னல உடைக்கும்!"

"உடைக்கட்டும்! குத்துனது நான், தண்டனை அவனுக்கா?"

"மெதுவாப் பேசுடி! பக்கத்து வீட்டுக்காரி சுவத்துல காத வச்சிருப்பா!"

வைத்திருந்தேன். இந்தக் கதை பிறந்த இடமே அந்தச் சுவர்தான். 1911 மார்ச், ஞாயிற்றுக்கிழமைக் காலை. அடுப்பில் காபி பொங்கி வழிந்தது; நான் நகரவில்லை. அப்பால் கத்தியவர்கள் காலுறை ஆலையில் வேலை பார்க்கும் டில்லி கிராஃபும் அவள் அம்மா ஹுல்டாவும். முந்தைய மாலைதான் எங்கள் பிரிக்கர்டன் கூடைப்பந்து அணி, பக்கத்து ஊர் லோம்ஃபோர்டைத் தோற்கடித்து லீக் பட்டத்தை வென்றிருந்தது.

2

முறையான எழுத்தாளர் என்றால் ஆட்டத்தில் தொடங்குவார். முயல்கிறேன்.

"பனி பொழிந்த அந்த மாலையில், வெற்றித் திருமகள் பிரிக்கர்டனின் தோளில்—"

வேண்டாம். பனியே பொழியவில்லை. முழங்கால்வரை சேறு.

"நடனக் கூடத்தின் நடுவே உத்தரம்வரை கம்பி வலை கட்டி, உள்ளே பத்து ஆண்கள் ஒரு பந்துக்காக மல்லுக்கட்ட..." இது பரவாயில்லை. பந்தும் வெளியே போகாது, ஆளும் தப்ப முடியாது. வலையை ஒட்டிய முதல் வரிசை எங்கள் பெண்களுடையது. எதிரணிக்காரன் வலையில் சாய்ந்தால் தொப்பியைக் கொண்டையோடு பிடித்து நிறுத்தும் நீள ஊசியை உருவி, தொடையில் ஒரு குத்து.*

டில்லி அந்த சீசனில் அதுவரை பதினேழு முறை குத்தியவள். அதில் ஒன்பது ஒரே ஆளுக்கு: லோம்ஃபோர்டின் கஸ் ரென்னர். பிப்ரவரியில் கஸ் எங்கள் அணிக்கு மாறிவிட்டான். அந்நாளில் ஆட்டக்காரர்கள் சட்டை மாற்றுவதுபோல் ஊர் மாற்றுவார்கள். டில்லிக்கு அது தெரியும். அவள் கைக்குத் தெரியாது.

[* பாதிரியார் மனைவியும் குத்துவாள். சின்ன ஊசி.]

3

கடைசி நிமிடம். இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு. கஸ் பந்தோடு வலையில் சாய்ந்தான். லோம்ஃபோர்டின் பார்னி டெவின் அவனை மறித்து நின்றான், விரல்கூடப் படவில்லை. டில்லியின் கண்ணெதிரே பழகிய தொடை.

குத்தினாள்.

கஸ் அலறித் துள்ளி, நடுவரின் காலடியில் போய் விழுந்தான். டெவின் தள்ளிவிட்டான் என்று நடுவர் விசில் ஊதினார்.

"நான் தொடவே இல்லய்யா! உன் கண்ணுல என்ன, மாவா?" என்று டெவின் அவர் சட்டையைப் பிடித்தான். பிடித்த கையோடு வெளியே அனுப்பினார்கள். அங்கேயே லீக் தலைவர் அறிவித்தார்: அடுத்த சீசன் முழுக்க டெவினுக்குத் தடை.

எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் எறிதலை அணிக்கு ஒருவர்தான் எறிவது வழக்கம். எங்களுக்கு அது கஸ். தொடையைத் தேய்த்துக்கொண்டே எறிந்தான். பந்து வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. இருபத்தைந்து!

கூடம் வெடித்தது. ஆலை மேலாளரை நான் முத்தமிட்டேன். (இதை அடித்துவிடலாமா? இருக்கட்டும்.) வலையைச் சுருட்டி, அதே தரையில் போல்கா நடனம் ஆடினோம். கஸ் நொண்டியபடி டில்லியிடம் வந்தான். "பத்தாவது குத்து! மகராசி, இதுக்கு மட்டும் நன்றி."

அவள் ஆடவில்லை.

4

இங்கேதான் எனக்குச் சிக்கல். பதினேழு குத்து குத்தியவளுக்குப் பதினெட்டாவதில் மனசாட்சி முளைக்குமா? யாரும் நம்பமாட்டார்கள் என்று அந்தக் குணத்தை நீக்கப் பார்த்தேன். ஆனால் அவள் அந்த ஞாயிறு மதியமே லோம்ஃபோர்டு டிராமில் ஏறிவிட்டாள். நானும் ஏறினேன். எனக்குப் பல்வலி. [ஞாயிற்றுக்கிழமை பல் வைத்தியர் ஏது என்று கேட்கும் வாசகர் தன் வேலையைப் பார்க்கவும்.]

டெவின் வீட்டு வாசற்படியில் பேசினார்கள். நான் எதிர்ச்சாரியில், ஒரு பீர் வண்டிக்குப் பின்னால். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை! என் வாழ்நாளின் பெருந்தோல்வி அதுதான். அவள் நெடுநேரம் பேசினாள். அவன் முகம் சிவந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

முதல் முடிவு: அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

இரண்டாவது முடிவு: பாதியில் பயந்து, நடுவரின் மீசையைப் பற்றிப் பேசிவிட்டாள்.

திரும்பும் டிராமில் அவளருகே உட்கார்ந்தேன்.

"சொல்லிட்டியா, டில்லி?"

"பல்லு எப்படியிருக்கு, அக்கா?"

"எந்தப் பல்லு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

5

அதன்பின் எல்லா ஞாயிறும் டிராம். ஜூனில் டில்லிக்கும் டெவினுக்கும் கல்யாணம். விருந்தில் ஹுல்டாவை ஓரங்கட்டினேன்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"எந்த மாப்பிள்ளைதான் எல்லாம் தெரிஞ்சு கட்டுறான்? கேக் எடுத்துக்க."

தடையை நீக்கக் கோரி டெவின் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. அடுத்து வந்த குளிர்காலம் முழுக்க ஆடவில்லை. பட்டம் எங்களிடமே நிலைத்தது. நடந்தது தெரியாததால் எழுதவில்லையா? தெரிந்தே, அவள் பெயர் கெடக்கூடாதென்று ஒரு சீசனை விழுங்கிக்கொண்டானா? பிரிக்கர்டன்காரி நான், எனக்கு எழுத வருவது இதுவரைதான். முடிவை நீங்கள் எழுதுங்கள். எழுதியதை லோம்ஃபோர்டில் மட்டும் காட்ட வேண்டாம்.

கஸ், கல்யாணத்துக்கு மறுவாரமே நியூயார்க் பக்கம் வேறு அணிக்குப் போய்விட்டான். அங்கே ஒரு தையற்காரியை மணந்தான். டில்லி லோம்ஃபோர்டுக்குக் குடிபோனாள். செப்டம்பரில் ஹுல்டாவும். இனி காது வைக்க எனக்கு வெறும் சுவர்தான்.